மின்சாரமும் ஈரத்துணியும்

நம் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களில் பலர் கிணற்றில் மின்சார மோட்டார் வைத்திருக்கின்றனர். ஸ்விட்சைப் போட்டால் நீர் வரும் என்பதை யாவரும் அறிவர். கம்பியில் ஓடுவது யாது என்பதை அறிந்தவர் சிலரே. பள்ளிப் பிள்ளைகளைக்கொண்டு வீட்டிலேயே செய்யத்தக்க ஒரு சோதனையால் அதனை இங்கு விளக்குவோம்.

சகல பொருள்களும் அணுக்களால் ஆனவை. அணுவின் நடுவே கரு ஒன்று உண்டு. அதைச் சூழ்ந்து எலக்ட்ரான் என்னும் நுண்ணிய துகள்கள் இருக்கின்றன. எலக்ட்ரானை 1897-ல் ஜே. ஜே. தாம்ஸனும், கருவை 1911-ல் ரூதர்போர்டும் கண்டறிந்தனர். செம்பு அணுவில் 29 எலக்ட்ரான்கள் உள. அவற்றுள் வெளிப்புறத்திலுள்ள ஒன்று இறுகப் பிணைக்கப்படாமையால் கம்பிக்குள் உலவ வல்லது. இத்தகைய எலக்ட்ரான்கள் தள்ளப்பட்டு ஓடுவதே மின்னோட்டம். தள்ளும் அழுத்தத்தை வோல்ட்டாலும், ஓட்டத்தை ஆம்பியராலும், தடையை ஓமாலும் அளப்பர். அழுத்தத்தைத் தடையால் வகுத்தால் ஓட்டம் கிடைக்கும். இவ்விதியை ஓம் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1827-ல் வெளியிட்டார்.

இனிச் சோதனை. 1.5 வோல்ட்டு டார்ச் பாட்டரி ஒன்று, அதற்கேற்ற இழை பல்பு ஒன்று, மூன்று துண்டுக் கம்பி ஆகியவற்றை வட்டமாக இணைத்து, ஓரிடத்தில் மாத்திரம் இடைவெளி விடுக. அவ்விடைவெளியில் இரும்புச் சாவியை வைத்தால் பல்பு எரியும். காய்ந்த மரம், கண்ணாடி, ரப்பர் ஆகியவற்றை வைத்தால் எரியாது. ஈரத்துணியை வைத்தாலும் எரியாது. வீட்டு மின்சாரத்தைக்கொண்டு இச்சோதனையை ஒருபோதும் செய்யலாகாது.

ஈரத்தில் மின்சாரம் பாயாது என்று பிள்ளை நோட்டில் எழுதிவிடுவான். அது தவறு. பல்பு ஒளிவிடச் சுமார் 0.3 ஆம்பியர் வேண்டும். ஈரத்துணியில் ஓடுவது அதனினும் மிகக் குறைவு. ஆயினும் ஒன்றுமில்லை என்பதன்று. கிணற்று நீரில் கரைந்துள்ள உப்புக்கள் மின்சாரத்தைக் கடத்துகின்றன. பேரேட்டில் பதியாத தொகை இல்லாத தொகை ஆகுமோ? எந்தச் சோதனையிலும், நமது கருவி எவ்வளவைக் காட்டவல்லது என்று முதலில் கேட்டல் வேண்டும்.

இதன் பயனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நனைந்த உடலின் தடையைச் சுமார் 1,000 ஓம் என்று கொள்க. டார்ச் பாட்டரியால் உடலிற் பாயக்கூடியது 0.0015 ஆம்பியர்; அது தீங்கு செய்யாது. 230 வோல்ட்டு இணைப்பிலோ 0.23 ஆம்பியர் பாயும். மார்பின் வழியே 0.1 ஆம்பியர் ஓரிரு நொடி சென்றாலும் இதயத்துடிப்பு குலைந்து உயிர் போகக்கூடும். பல்பை எரிக்கப் போதாத ஓட்டம் மனிதனைக் கொல்லப் போதும்.

பியூஸ் காப்பாற்றும் என்று நம்பியிருப்போரும் உளர். 15 ஆம்பியர் பியூஸ் 0.23 ஆம்பியருக்கு உருகாது. கம்பியும் மோட்டாரும் எரியாமற் காப்பதே அதன் வேலை. மனிதனைக் காக்க வேண்டுவன வேறு. ஆதலின் கீழ்க்கண்டவற்றைக் கைக்கொள்க:

1. மோட்டாரின் இரும்புக் கூட்டுக்கும் ஸ்விட்சுப் பெட்டிக்கும் முறையான எர்த் இணைப்பு இருத்தல் வேண்டும்.

2. 0.03 ஆம்பியர் கசிந்தவுடன் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் சாதனத்தைத் தேர்ந்த மின்பணியாளரைக்கொண்டு அமைத்துக்கொள்க. மாதம் ஒருமுறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்க.

3. ஈரக் கையோடும் வெறுங்காலோடும் ஸ்விட்சைத் தொடற்க.

4. பியூஸ் போனால், மெயின் ஸ்விட்சை நிறுத்திய பின்னரே உரிய அளவுள்ள கம்பியை இடுக.

5. ஒருவரை மின்சாரம் பற்றிக்கொண்டால் அவரைத் தொடாமல் முதலில் மெயினை நிறுத்துக.

மோட்டார் பழுதானால் பணம் கொடுத்து வேறு வாங்கலாம். போன உயிரை எந்தக் கடனாலும் மீட்க இயலாது. அங்கத்தினர்கள் இச்சோதனையைத் தம் பிள்ளைகளோடு செய்து பார்த்து, அடுத்த முறை மோட்டாரை ஓட்டுமுன் தத்தம் கிணற்றடியைப் பரிசீலிப்பார்களாக.