புரட்டாசியில் பனங்கொட்டை: எங்கே ஊன்றலாம், எங்கே கூடாது

மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்க் கரைகளில் பனம்பழம் உதிர்ந்து முடியும் நேரம் இது. ஐப்பசி அடைமழைக்கு முன் கொட்டை மண்ணுக்குள் போய்விட வேண்டும். ஆகவே விதைப்புக்கு இந்த மாதமே தோது. ஆயிரம் விதை, பத்தாயிரம் விதை என்று வாட்ஸ்அப்பில் அழைப்புகளும் வரத் தொடங்கிவிட்டன. ஆர்வம் நல்லதுதான். ஆனால் பனை விஷயத்தில் எத்தனை கொட்டை ஊன்றினோம் என்பது கணக்கில் வராது. எந்த இடத்தில் ஊன்றினோம், கன்று இரண்டு கோடையைத் தாண்டியதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

காரணம் அது முளைக்கும் விதத்தில் இருக்கிறது. பனையின் முளை முதலில் மேலே வருவதில்லை. கொட்டையின் கண்ணிலிருந்து கிளம்பும் குழல் நேராக மண்ணுக்குள் இறங்கி, அங்கே கிழங்கு கட்டும். ஓலை அதன் பிறகுதான் தலைகாட்டும். வெளியே எதுவும் தெரியாத அந்த மாதங்களில் பொறுமையிழந்து தோண்டிப் பார்ப்பவர்களே பாதி முளையை ஒடித்துவிடுகிறார்கள். பையில் நாற்றாக வளர்த்து நட்டால் காலம் மிச்சமாகாதா என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில்: பையின் அடியில் தட்டினால் குழல் மடங்கும், பெயர்த்தால் முறியும். நிற்க வேண்டிய இடத்திலேயே ஊன்றிவிடுங்கள். சாண் ஆழக் குழி, கண் பக்கம் கீழ்நோக்கி, கன்றுக்குக் கன்று பத்தடி இடைவெளி. கரையின் உச்சியில் மட்டும் வேண்டாம்; அடுத்த முறை தூர்வார வரும் பொக்லைன் அந்த வழியாகத்தான் போகும். மடையையும் கலுங்கையும் விட்டு விலகி, வெளிச்சரிவில் ஊன்றுங்கள். அங்கே அதன் சல்லிவேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். பொது நிலம் என்றால் ஊராட்சியில் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.

பலன் தரப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகும், அப்போது ஏறுவதற்கு ஆள் இருப்பார்களா என்பது நியாயமான கேள்வி. 1978 முதல் பனை தமிழகத்தின் மாநில மரம். வளர்ந்த பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையும் சொன்னது. ஆனாலும் அறிவிப்புகளால் ஏறுகிற ஆள் உருவாவதில்லை. அதனால்தான் கிடைத்த கொட்டை அத்தனையையும் கரைக்குக் கொண்டுபோக வேண்டாம் என்கிறேன். நூறு இருந்தால் இருபது கரைக்குப் போதும். மிச்சத்தைக் கொல்லையில் மணல் மேடு கட்டி நெருக்கமாகப் பரப்பி மூடினால், தை மாசியில் கிழங்கு எடுக்கலாம். பொங்கலுக்குக் கரும்போடும் மஞ்சள் கொத்தோடும் கட்டுக்கட்டாக விற்கும் அதே கிழங்குதான். மரம் ஏறத் தெரியாதவருக்கும் பனை தரும் சாப்பாடு இது. யாழ்ப்பாணத்தார் இதையே காயவைத்து ஒடியலாக்கி, கூழுக்கும் பிட்டுக்கும் மாவாக்கி வைத்துக்கொள்கிறார்கள். ஊன்றியது ஆண்பனையாகிவிட்டால் நுங்குக்கு வழியில்லையே என்பது இன்னொரு கவலை. பூக்கும் வரை அதைச் சொல்ல முடியாதுதான். ஆனால் ஆண்பனைப் பாளையிலும் பதநீர் இறங்கும். பெண்பனை காய்பிடிக்கவும் அது வேண்டும்.

கரையில் ஊன்றிய இருபதுக்கும் ஆளுக்குச் சிலதாகப் பொறுப்பைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஓலை வெளிவந்ததும் ஆடு கடிக்காமலிருக்கச் சுற்றி முள் போடுங்கள். சீமைக்கருவேல முள்ளுக்கு நம் கண்மாய்களில் என்றும் பஞ்சமில்லை.