தினைப்புனத்தில் நாரதர் காத்திருந்தார்

அன்பு மகளுக்கு,

நேற்று விடியற்காலை வேனில் திரும்பும்போதே உன்னிடம் ஒன்று சொல்ல நினைத்தேன். முகத்து அரிதாரத்தைக்கூடச் சரியாகத் துடைக்காமல் ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிட்டாய். எழுப்ப மனம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

'வள்ளி திருமணம்' உனக்கு இது நாலாவது மேடை. குரலில் குறையொன்றும் இல்லை. முதல் பாட்டிலேயே மிருதங்கக்காரர் என் பக்கம் திரும்பித் தலையாட்டினார். அவர் லேசில் தலையாட்டுகிற ஆள் இல்லை. ஆனால் பாட்டாலேயே வாதாடும் தர்க்கத்தில் நாரதர் உன்னைக் கேட்டாரே, 'தினைக்கு நீ காவல், உனக்கு யார் காவல்?' என்று. அந்தக் கேள்வி உன் நோட்டில் இல்லை. ஒரு நொடி திகைத்தாய். உடனே சினிமாப் பாட்டு ஒன்றை எடுத்துவிட்டாய். கூட்டத்தில் விசில், மைக்கில் அன்பளிப்பு அறிவிப்பு, எல்லாம் வந்தன. நானும் ஆர்மோனியத்தில் சுருதி விடாமல் வாசித்தேன். அது என் வேலை. அந்தப் பாட்டு முடியும்வரை நாரதர் கையில் சிப்ளாக்கட்டையோடு காத்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பதில் கிடைக்கவே இல்லை.

உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நீ நிற்கிற அந்த இடம் எப்படி வந்தது என்று உனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லாதது எங்கள் தப்பு.

நம் நாட்டில் கதையைப் பாட்டாக நடத்துவது பழைய வழக்கம். கூத்து இருந்தது, குறவஞ்சி இருந்தது. 18-ஆம் நூற்றாண்டில் அருணாசலக் கவிராயர் ராமாயணத்தையே நாடகக் கீர்த்தனையாக்கினார். அடுத்த நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி நந்தனார் கதையைப் பாடினார். பிறகு பார்சி நாடகக் கம்பெனிகள் வந்தன. சீன் திரை, பக்கத் திரை, புதுப்புது இந்துஸ்தானி மெட்டு, மேடையோரத்தில் ஆர்மோனியம் எல்லாம் அந்த வழியில் நம்மிடம் சேர்ந்தவை. நான் 40 வருஷமாக மடியில் வைத்துக் காப்பாற்றுகிற இந்தப் பெட்டி ஐரோப்பாவில் பிறந்தது. 1940-ல் வானொலி, கமகம் பேசாத வாத்தியம் என்று இதற்குத் தடை போட்டது. 1971 வரை அந்தத் தடை நீங்கவில்லை. அத்தனை வருஷமும் கிராமத்துக் கொட்டகையில் இது நிற்காமல் பேசியது.

இவ்வளவையும் சேர்த்துக் கட்டி நமக்கு ஒரு வீடு கொடுத்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867-ல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் படித்தவர். எமனாகவும் சனீசுவரனாகவும் அவர் மேடையில் வந்தால் ஜனங்கள் நடுங்குவார்கள் என்று சொல்வார்கள். வேஷம் கட்டுவதை விட்டபிறகு நாடகம் எழுதுவதும் பிள்ளைகளைப் பழக்குவதுமே அவர் வாழ்க்கையாகிவிட்டது. 'அபிமன்யு சுந்தரி'யை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று அவருடைய மாணவர் டி. கே. சண்முகம் பதிவு செய்திருக்கிறார். நீ நடிக்கிற வள்ளி, அடுத்து நீ பாடம் பண்ண வேண்டிய பவளக்கொடி, சாவித்திரி எல்லாம் அவர் கை வழியாக நமக்கு வந்தவை.

சுவாமிகள் எழுத்தை உட்கார்ந்து படித்துப் பார். வெண்பா, விருத்தம், சிந்து, கீர்த்தனை, பார்சி மெட்டு எல்லாம் கலந்து வரும். ஒரு பாத்திரம் விருத்தத்தில் கேட்டால் இன்னொன்று சிந்தில் மடக்கும். எமன் ஒரு நியாயம் சொன்னால் சாவித்திரி அதே சொல்லைப் பிடித்துத் திருப்புவாள். அங்கே பாட்டு வசனத்துக்கு நடுவே இளைப்பாற வைத்தது அல்ல. வழக்கே பாட்டில்தான் நடக்கிறது. சாவித்திரி புருஷனை மீட்பது அழுது அல்ல, பதில் சொல்லி. நம் கலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். அதனால்தான் நேற்று எனக்கு அவ்வளவு வலித்தது.

இதே தர்க்கத்தால் சுவாமிகளும் சங்கடப்பட்டார். பெரிய நடிகர்கள் பாடத்தை விட்டுவிட்டு மேடையில் வாய்க்கு வந்தபடி போனார்கள். கட்டுப்பாடு வேண்டுமென்றுதான் அவர் சிறுவர்களை வைத்துக் கம்பெனி நடத்தத் துணிந்தார். 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். டி. கே. எஸ். சகோதரர்கள் அங்கே பயின்ற பிள்ளைகள். அந்தக் கம்பெனிகளில் குருகுலம் மாதிரி விடிந்ததும் பாடம், ராகம், உச்சரிப்பு. பிற்காலத்துத் தமிழ் சினிமாவின் பாதி உச்சரிப்பு அந்தத் திண்ணைகளில் தேய்த்து மெருகேற்றியது.

நம்முடைய ஸ்பெஷல் நாடகம் அதற்கு நேர் எதிரான வழியில் வளர்ந்தது. கம்பெனி கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் ஓர் ஊர். தனித்தனியே டேட் வாங்கி, ராத்திரி அரிதாரம் பூசும் இடத்தில்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது. 'ஒத்திகையே இல்லாமல் எப்படி அய்யா?' என்று முதல் நாள் என்னைக் கேட்டாய். எல்லோருக்கும் பாடம் ஒன்றாக இருப்பதால்தான் அது நடக்கிறது. சுவாமிகளின் பாட்டும் கதையின் வரிசையும்தான் நமக்கு ஒத்திகை. அது நெஞ்சில் இருந்தால் எதிரே நிற்பவர் எந்தப் பக்கம் இழுத்தாலும் நீ திரும்பி வந்துவிடலாம். இல்லாவிட்டால் அந்த இடத்தில் நீ தனியாள்.

எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் கொழும்பில் சேர்ந்து நடிக்கத் தொடங்கியதும் இந்த ஸ்பெஷல் வழியில்தான். மைக் இல்லாத காலம். கொட்டகையின் கடைசி வரிசைவரை குரல் போக வேண்டும். கிட்டப்பாவுக்கு ஈடாகப் பாட அந்த அம்மா கூசவில்லை. அவர் ஒன்று பாடினால் இவர் அதற்குமேல் ஒன்று. காதர் பாட்சாவின் ஆர்மோனியம் கிட்டப்பாவைத் துரத்திக்கொண்டு போனதை எங்கள் வாத்தியார் கதை கதையாகச் சொல்லுவார். 1933-ல் 27 வயதில் கிட்டப்பா போய்விட்டார். நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது.

இன்னொருவரை நீ அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். விஸ்வநாத தாஸ். முடிதிருத்தும் குலத்தில் பிறந்தவர் என்பதால் கூட நடிக்க மறுத்தவர்கள் உண்டு. அவர் நடித்ததும் நீ நடிக்கிற இதே வள்ளி திருமணம்தான். தினைப்புனத்தில் பறவை ஓட்டும் இடத்தில், மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய வெள்ளைக் கொக்குப் பாட்டைப் பாடுவார். கொக்கு யார் என்று தரையில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். போலீசுக்கும் தெரியும். பலமுறை சிறைக்குப் போனார். 1940 டிசம்பர் 31 இரவு, சென்னை மேடையில் முருகனாக மயில்மேல் இருந்தபடியே உயிர் விட்டார்.

அவர் பாடியதும் சுவாமிகளின் ஏட்டில் இல்லாத பாட்டுதான். புதுப் பாட்டை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தினைப்புனத்தில் பறவை வரும், அதை விரட்டத்தான் வேண்டும். அவர் பாட்டு அந்த இடத்துக்குள்ளேயே நின்று வெளியே இருந்த வெள்ளைக்காரனுக்குப் பதில் சொன்னது. உன் சினிமாப் பாட்டு நாரதரை விட்டுவிட்டுக் கூட்டத்தைப் பார்க்கப் போய்விட்டது. வித்தியாசம் புரிகிறதா?

சினிமா நமக்குப் பகையும் இல்லை. 1931-ல் வந்த 'காளிதாஸ்' முதல் அங்கே பேசியதும் பாடியதும் நாடகக்காரர்கள்தான். அதில் நடித்த டி. பி. ராஜலட்சுமி நாடக மேடையில் வளர்ந்தவர். தியாகராஜ பாகவதர் மேடையில் நடித்த பவளக்கொடி 1934-ல் படமாகி, பாட்டு மேல் பாட்டாக ஓடியது. நம் வீட்டுச் சொத்து அங்கே போயிற்று, வட்டியாக அங்கிருந்து மெட்டு நம்மிடம் வருகிறது. வரட்டும். நாரதர் கேட்ட கேள்விக்கு அந்த மெட்டில் உன் சொந்தச் சொல்லைப் போட்டு ஒரு பதில் பாடியிருந்தால், சிப்ளாக்கட்டை தானாகத் தாளத்துக்கு வந்திருக்கும்.

வேலைப் பக்கமாகச் சில சொல்கிறேன். தர்க்கப் பாட்டில் ஆணும் பெண்ணும் ஒரே கட்டையில் மாறி மாறிப் பாட வேண்டும். உனக்குச் சுகமான சுருதி எதிராளிக்கு எட்டாமல் போகலாம். அரிதாரம் பூசும்போதே அவரிடமும் என்னிடமும் கேட்டுக்கொள். எதிரே இருப்பவர் பாடும்போது சேலையைச் சரி செய்யாதே, கூட்டத்தைத் தேடாதே. அவர் முடிக்கும் கடைசிச் சொல்லைப் பிடித்து வைத்துக்கொள். உன் பதில் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். பதில் வரவில்லையா, ஒரு வரியைத் திருப்பிப் பாடு. நான் பின்பாட்டில் இன்னொரு தரம் இழுத்துத் தருகிறேன். அந்த இடைவெளியில் யோசிக்கலாம். பின்பாட்டு எதற்கு இருக்கிறது என்று நினைத்தாய்?

ஊர்ப் பேச்சைப் பற்றிப் போன வாரம் அழுதாய். ராத்திரியில் ஊர் ஊராகப் போகிற பெண் என்று சொல்கிறார்களாம். உன் அம்மாவையும் இப்படியேதான் சொன்னார்கள். அதே ஊர்தான் மழை வேண்டியும், கண்மாய் நிறைந்ததற்கு நேர்த்திக்கடனாகவும், அம்மன் கோயில் வாசலில் பந்தல் போட்டு உன்னைக் கூப்பிடுகிறது. நோட்டீசில் உன் படத்தை முருகனுக்குப் பக்கத்தில் அச்சடிக்கிறது. நிமிர்ந்து நட, தாயே.

வருகிற செவ்வாய்க்கிழமை எனக்கு டேட் இல்லை. நாலு மணிக்கு வீட்டுக்கு வா. நோட்டைக் கொண்டு வராதே. நான் நாரதராக உட்கார்ந்து கேட்கிறேன், முதல் கேள்வி அதே கேள்விதான். சாப்பாடு அத்தை இங்கேயே வைத்துவிடுவாள். ராத்திரி கடைசி பஸ்ஸில் உன்னை ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்,
உன் பின்பாட்டுக்காரர்