பாலர் வகுப்பில் பல வீட்டுப் பிள்ளைகள்

அபிசீனியாவுக்கு ஹிஜ்ரத் செய்திருந்த காலித் பின் ஸயீத் (ரலி) அவர்களுக்கு அந்நாட்டிலேயே ஒரு பெண் குழந்தை பிறந்தது. உம்மு காலித் என்னும் அச்சிறுமி மதீனா வந்தபின், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வேலைப்பாடுள்ள ஒரு சின்னக் கறுப்பு ஆடையைத் தமது கையாலேயே அவளுக்கு அணிவித்தார்கள். அந்த வேலைப்பாட்டைச் சுட்டிக்காட்டி, "சனா" என்றார்கள். அழகு என்பதற்கு அபிசீனிய மொழிச் சொல் அது. குழந்தை பிறந்த மண்ணின் சொல்லாலேயே குழந்தையை மகிழ்வித்தார்கள்.

இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் இந்த ஹதீஸைக் கொண்டுவந்த இடங்களுள் ஒன்று, அரபியல்லாத மொழி பேசுவது பற்றிய பாடமாகும். மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதை அல்லாஹ்வின் அத்தாட்சியாகக் கூறும் ஸூரத்துர் ரூம் 22-வது ஆயத்தை அப்பாடத்தின் தலைப்பிலேயே வைத்திருக்கிறார்கள்.

நம் மக்தபுகளின் நிலை என்ன? ஒரே பாயில் உட்கார்ந்து ஓதும் பிள்ளைகளில் ஒருவன் 'வாப்பா' என்பான். ஒருவன் 'அத்தா' என்பான். உர்தூ பேசும் வீட்டுப் பிள்ளை நோன்பை 'ரோஜா' என்றால் மற்றவை சிரிக்கும். சிரிப்பை உஸ்தாது ஒரு பார்வையில் அடக்கிவிடலாம். (சில இடங்களில் உஸ்தாதும் சேர்ந்து சிரிப்பதுதான் வேதனை.)

இதைவிடப் பெரிய காரியம் தொழுகை. கடற்கரை ஊர்களில் ஷாபிஈ மத்ஹபினர் மிகுதி. உள்நாட்டில் ஹனபீ மத்ஹபினர் மிகுதி. பிழைப்புக்காகக் குடும்பம் ஊர் மாறுகிறது. ஆறு வயதுப் பிள்ளை, வீட்டில் பார்த்தபடி, ருகூவுக்குப் போகும்போது கைகளை உயர்த்துகிறது. "தப்பு! கையை இறக்கு!" என்று பிரம்பு ஓங்கப்படுகிறது. அன்று மாலை அப்பிள்ளை தன் வாப்பா தொழுவதைப் பார்க்கிறது. அவரும் கையை உயர்த்துகிறார். உஸ்தாது சொன்னது சரியென்றால் வாப்பாவின் தொழுகை தப்பு. வாப்பா சரியென்றால் உஸ்தாது தப்பு. இந்தச் சுமையை ஏழு வயதுகூட நிரம்பாத நெஞ்சில் நாமே ஏற்றிவைக்கிறோம். பிறகு அது ஓதப்போக அடம்பிடித்தால் ஷைத்தானைக் குறை சொல்கிறோம்!

பிள்ளையைச் சேர்க்கும் நாளிலேயே, வீட்டில் பேசும் மொழி எது, மத்ஹப் எது என்று கேட்டுப் பெயருக்கு எதிரே குறித்துக்கொள்ளலாம். செலவில்லாத வேலை. மற்றப் பிள்ளைகள் "அவன் மட்டும் ஏன் கையைத் தூக்குகிறான்?" என்று கேட்டால், "அவங்க வீட்டில் ஷாபிஈ இமாம் காட்டியபடி தொழுவாங்க. உங்க வீட்டில் ஹனபீ இமாம் காட்டியபடி. இரண்டும் தொழுகைதான்" என்று சொன்னால் போதும். பிள்ளைகள் அத்தோடு அடுத்த பாடத்துக்குப் போய்விடும்.