முயலுக்கு வயிறுதான் முக்கியம்



போன மழையில் நம்ம தாமல் உறுப்பினர் ஒருத்தர் குழுக் கடனில் வாங்கிய முயல்குட்டிகளில் மூணு, ஒரே வாரத்தில் செத்துப்போச்சு. விசாரித்தால், ஏரிக்கரையில் அறுத்த ஈரப்புல்லை அப்படியே போட்டதோடு, மீந்த சாதத்தையும் வைத்திருக்கிறார். வயிறு உப்பிக் கழிச்சல் வந்திருக்கு.

முயலுக்கு வாந்தி எடுக்க வராது. தின்றதெல்லாம் குடல் வழியாகத்தான் வெளியே வரணும். அதைத் தள்ளுவது நார்ச்சத்து. அதனால் தீனியில் பெரும்பங்கு புல்லாக இருக்கட்டும். ஈரப்புல்லை நிழலில் வாடவிட்டுப் போடுங்க. வேலிமசால், அகத்தி எதுவானாலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்க. கேரட் அதுக்கு மிட்டாய் மாதிரி, எப்போதாவது ஒரு துண்டு போதும். சாதம், இட்லி வேண்டவே வேண்டாம்.

முயல் தன் மெத்தென்ற புழுக்கையைத் தானே தின்னும். அருவருப்பா இருக்கேன்னு விரட்டாதீங்க. பி வைட்டமினும் புரதமும் அதுக்கு அப்படித்தான் கிடைக்குது.

காலையில் கூண்டடியைக் கூட்டும்போது புழுக்கையைப் பாருங்க. உருண்டையாக, உடைத்தால் நார் தெரிந்தால் நல்லது. அரை நாளாகத் தீனி தொடாமல், புழுக்கையும் போடாமல் இருந்தால் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்க. வீட்டில் கிடக்கும் அமாக்சிசிலினைக் கரைத்து ஊத்தாதீங்க. குடலில் உள்ள நல்ல கிருமி அழிந்து முயலே செத்துப்போகும்.

புதுக்குட்டி வாங்கும்போது, இதுவரை என்ன தீனி போட்டாங்கன்னு கேட்டு, ஒரு வாரம் அதையே கொடுங்க. அப்புறம் மெதுவாக நம்ம தீனிக்கு மாத்தலாம்.