ஒரு நிரல், ஆறு தளங்கள்

செயலி எழுதும் வேலைக்குப் படிக்கும் நம் பிள்ளைகள் அறிந்துகொள்ள வேண்டிய ஒரு மாநாட்டைப் பற்றிச் சொல்கிறோம். முன்பு ஒரே செயலியை ஆண்ட்ராய்டுக்குத் தனியாகவும் ஐபோனுக்குத் தனியாகவும் எழுதினார்கள். 2018 டிசம்பர் 4 அன்று லண்டனில் நடந்த 'ஃப்ளட்டர் லைவ்' மாநாட்டில், கூகுள் நிறுவனம் ஃப்ளட்டர் கருவியின் முதல் நிலையான பதிப்பை வெளியிட்டது. டார்ட் மொழியில் ஒருமுறை எழுதும் நிரல் இரண்டு வகைக் கைபேசியிலும் இயங்கும். பின்னர் இணையமும் விண்டோஸும் சேர்ந்தன. 2022 மே மாதம் மேக், லினக்ஸ் கணினிகளும் சேர, தளங்கள் ஆறாயின.

இது எப்படி முடிகிறது? பொத்தான், எழுத்து, பட்டியல் எல்லாவற்றையும் ஃப்ளட்டர் தானே திரையில் வரைகிறது. அதனால் எங்கும் ஒரே தோற்றம். ஆனாலும் ஒவ்வொரு தளத்திலும் இயக்கிச் சோதித்தே ஆக வேண்டும்.

செலவையும் கவனியுங்கள். ஐபோன் செயலியை உருவாக்கி முடிக்க மேக் கணினி தேவை. ஆப்பிளுக்கு ஆண்டுதோறும் 99 டாலர் கட்ட வேண்டும். ப்ளே ஸ்டோருக்கு ஒருமுறை 25 டாலர் போதும். எனவே ஆண்ட்ராய்டில் தொடங்குவதே நல்லது.

பெற்றோர்களே! ஃப்ளட்டர் இலவசம். மாநாட்டு உரைகளையும் யூடியூபில் இலவசமாகப் பார்க்கலாம். நகையை அடகு வைத்துப் பயிற்சிக் கட்டணம் கட்டும் முன், ஒரு மாதம் பொறுங்கள். கடைக் கணக்கு எழுதும் சிறு செயலி ஒன்றைப் பிள்ளை தானே செய்து காட்டட்டும். அதில் ஆர்வம் நிலைத்தால், கட்டணத்தைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம்.