டர்போ காரை டியூன் செய்யப் பழகுபவர்களுக்குப் பொன்மலைக் குறிப்புகள்

நாகப்பட்டினத்திலிருந்து 1928-இல் திருச்சியின் பொன்மலைக்கு இடம் மாறி வந்த ரயில்வே பணிமனையில் என் தாய்மாமா டீசல் இன்ஜின் பிரிவில் வேலை பார்த்தார். டர்போ என்ற சொல்லை முதன்முதலில் அவர் வாயிலிருந்துதான் கேட்டேன். இன்று மூன்று சிலிண்டர் சின்னக் காருக்கும் டர்போ வந்துவிட்டது. புதிதாக வாங்கிய பிள்ளைகள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, "டியூன் பண்ணா எத்தனை எச்.பி. கூடும்ணே?" கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி அது. அதற்கு முன் செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

1. டர்போ என்ன செய்கிறது என்பதை மனத்தில் படம் போட்டுக்கொள்ளுங்கள். வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி சிலிண்டருக்குள் தள்ளுகிறது. காற்று கூடினால் கூடுதல் எரிபொருளை எரிக்கலாம். சுவிட்சர்லாந்துக்காரர் ஆல்ஃபிரட் பூக்கி 1905-இல் காப்புரிமை பெற்ற யோசனை இது.

2. எண்ணெயில் கஞ்சத்தனம் கூடாது. கார் டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். அதைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டுமே. கையேட்டில் சொன்ன தரத்தில், சொன்ன கிலோமீட்டருக்கு முன்பாகவே மாற்றுங்கள். டியூன் செய்யப்போகிற கார் என்றால் முதல் செலவு இதுவாக இருக்கட்டும்.

3. நெடுஞ்சாலையில் விரட்டி ஓட்டி வந்தவுடன் சாவியைத் திருப்பி அணைக்காதீர்கள். ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள். டர்போ கொதித்துக்கொண்டிருக்கும்போது எண்ணெய் ஓட்டம் நின்றால், உள்ளே தங்கிய எண்ணெய் கருகிக் கட்டிபிடிக்கும். ரயில் இன்ஜினில் இதையொட்டி ஒரு அருமையான சோதனை உண்டு. இன்ஜினை நிறுத்திய பிறகு டர்போ தானாகச் சுற்றி நிற்க எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணுவார்கள். ஆல்கோ வகை இன்ஜினில் 90 முதல் 180 நொடிக்குள் நிற்க வேண்டும். சீக்கிரம் நின்றால் பேரிங் பிடிக்கிறது, தாமதமாக நின்றால் பேரிங் தேய்ந்து தளர்ந்திருக்கிறது. கருவி எதுவும் வேண்டாம், காதும் கைக்கடிகாரமும் போதும். மாமா இந்தச் சோதனையைச் சொல்லும்போது சாப்பாட்டுக் கையைக் காயவிட்டு நொடிகளை எண்ணிக் காட்டுவார். கார் டர்போ மிகச் சிறியது, அதில் இந்தக் கணக்கு செல்லாது. ஆனால் திறப்பதற்கு முன் கேட்டுப் பார்க்கிற அந்தப் பழக்கம் செல்லும். உங்கள் டர்போ நல்ல நிலையில் எப்படி விசிலடிக்கிறது என்று இப்போதே காதில் பதிய வையுங்கள். நாளை சத்தம் மாறினால் உடனே தெரியும்.

4. புகையைப் பாருங்கள். கருப்பு என்றால் எரிபொருளுக்கு ஈடான காற்று இல்லை. நீலம் என்றால் எண்ணெய் எரிகிறது. சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். டீசல் காரின் கணினியில் உள்ள எரிபொருள் கணக்கை (மேப்) மாற்றி, அதாவது ரீமேப் செய்து, கரும்புகை கக்க வைப்பதைச் சிலர் பெருமையாக நினைக்கிறார்கள். அது வீணாகும் டீசல்.

5. டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் குழாய்களின் இணைப்புகளைத் தடவிப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய தூசியும் இருந்தால் அங்கே காற்று கசியக்கூடும். பல சமயம் கிளாம்பை மாற்றினாலே தொலைந்த இழுவை திரும்பிவிடும்.

6. சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கும் ப்ளூடூத் ஓ.பி.டி. ஸ்கேனர் ஒன்று வாங்கி, ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் செருகுங்கள். சாவியை ஆன் செய்து இன்ஜினை ஓடவிடாமல் உள்ளே போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் (MAP) சென்சாரின் அளவைப் பாருங்கள். திருச்சியில் ஏறக்குறைய 100 கிலோபாஸ்கல் காட்டும். அது வெளிக்காற்றின் அழுத்தம். ஓட்டும்போது 180 காட்டினால் டர்போ கொடுப்பது 80 மட்டுமே, அதாவது 0.8 பார். இந்தக் கழித்தல் தெரியாமல் 1.8 பார் பூஸ்ட் என்று பயந்தவர்களும் உண்டு, பெருமைப்பட்டவர்களும் உண்டு.

7. அதே ஸ்கேனரில், கணினி எரிபொருளை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்று காட்டும் ஃப்யூயல் ட்ரிம் என்ற எண்ணையும் பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டி ஐந்து சதவீதத்துக்குள் ஏறி இறங்கினால் கவலை இல்லை. பத்தைத் தாண்டிக் கூடுதலிலேயே நின்றால் காற்றுக் கசிவு, அடைத்த இன்ஜெக்டர், அழுக்குச் சென்சார் என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள். நோயுள்ள இன்ஜினை டியூன் செய்யக் கூடாது.

8. பெட்ரோலுக்குக் காற்று 14.7 பங்கு என்று பழைய பாடம் சொல்லும். எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோலுக்கு அது 13.5 பக்கம் இறங்குகிறது. அதனால் அந்த எண்ணை மனப்பாடம் செய்வதைவிட லாம்டா அளவைப் படிக்கப் பழகுங்கள். எந்தப் பெட்ரோலாக இருந்தாலும் சரியான கலவை லாம்டா 1. முழு மிதியில் அது ஒன்றுக்குக் கீழே இறங்க வேண்டும். அந்த உபரி எரிபொருள்தான் சிலிண்டரைக் குளிர்விக்கிறது.

9. எந்த ஆக்டேன் பெட்ரோலை வைத்து மேப் போட்டார்களோ அதையே எப்போதும் நிரப்புங்கள். 95-க்குப் போட்ட மேப்பில் அதைவிடக் குறைந்த ஆக்டேன் பெட்ரோல் நிரப்பினால் நாக்கிங், அதாவது எரிபொருள் நேரம் தவறி வெடிக்கும் தட்டல், வரும்.

10. சித்திரை, வைகாசி வெயிலில் டியூன் வேலையை முடிவு செய்யாதீர்கள் என்று சிலர் சொல்வார்கள். நான் நேர்மாறாகச் சொல்வேன். கத்திரி வெயிலில், ஜி கார்னர் பக்கம் நெரிசலில் ஊர்ந்து வந்த காரில், உள்ளே போகும் காற்றின் சூட்டை ஸ்கேனரில் பாருங்கள். என் காரில் 60 டிகிரியைத் தொட்டிருக்கிறது. சூடான காற்றில் அடர்த்தி குறைவு, நாக்கிங் வாய்ப்பு அதிகம். அந்த நாளில் தாங்குகிற மேப் மார்கழியிலும் தாங்கும். மார்கழிக் காலையில் போட்ட மேப் மே மாதத்தில் கைவிடும்.

11. சக்தி கூட்டுவது என்றால் என்ன என்பதற்கு நம் ஊர்த் தண்டவாளத்திலேயே பாடம் இருக்கிறது. டபிள்யூ.டி.எம்.-2 இன்ஜினில் 16 சிலிண்டர், 2,600 குதிரைசக்தி. அதே 16 சிலிண்டரை வைத்து டபிள்யூ.டி.எம்.-3ஏ-யில் 3,100 எடுத்தார்கள். டீசலை மட்டும் கூட்டிவிட்டு அந்த 500-ஐ எடுக்கவில்லை. திறன் கூடிய டர்போ, பெரிய ஆஃப்டர்கூலர், பெரிய எரிபொருள் பம்ப், எஃகு முடி வைத்த பிஸ்டன் என்று சேர்ந்தேதான் மாற்றினார்கள். உங்கள் காரின் பிஸ்டனும் கிளட்ச்சும் அப்படியே இருக்க, லேப்டாப்பில் ஒரு எண்ணை மாற்றினால் போதும் என்று யாராவது சொன்னால், "சூடு எங்கே போகும்?" என்று கேளுங்கள்.

12. நான் கேட்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பட்டறையில் அரை மணி நேரத்தில் மேப் ஏற்றித் தந்தார்கள். முன்னும் அளக்கவில்லை, பின்னும் அளக்கவில்லை. ஒரு மாதம் கார் பறந்தது. பிறகு ஏற்றத்தில் லேசான தட்டல். பெட்ரோல் சரியில்லை என்று நினைத்து விட்டுவிட்டேன். மூன்றாவது சிலிண்டரில் பிஸ்டன் ரிங் இருக்கும் விளிம்பு உடைந்தது. அதனால் சொல்கிறேன்: கம்பெனி ஃபைலை முதலில் பிரதி எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். தேதி, வெயில், பெட்ரோல், பூஸ்ட், டைமிங் எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள். தட்டல் கேட்டால் அன்றே பழைய ஃபைலுக்குத் திரும்புங்கள்.

13. ரீமேப் செய்தால் கம்பெனி வாரன்ட்டி போய்விடும் என்று எண்ணியே இறங்குங்கள். இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள். பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது.

14. முழு மிதியில் சோதிக்க வேண்டியதைச் சக்தியை அளக்கும் டைனோவில் சோதியுங்கள், அல்லது கோவை செட்டிபாளையம், ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டை போன்ற பந்தயத் தளங்களுக்குக் கொண்டுபோங்கள். பொன்மலையிலிருந்து ஐந்து நிமிடத்தில் தஞ்சாவூர் நாற்கரச் சாலை இருக்கிறது என்று ஆசை வரும். ஆவணியில் அதே சாலையோரம் வேளாங்கண்ணிக்குப் பக்தர்கள் இரவெல்லாம் நடந்து போகிறார்கள், குழந்தையைத் தோளில் தூக்கியபடி. தயவுசெய்து அங்கே சோதிக்காதீர்கள்.