கரையை அளக்கப் போகும் பிள்ளைகளுக்கு

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, குமரி மாவட்டத்தில் குளச்சலிலிருந்து மணக்குடி வரை சேதக் கணக்கெடுக்க நடந்தவன் நான். அதே கரையில் மீட்பு எந்த அளவுக்கு வந்திருக்கிறது என்று பார்க்க இப்போது நீங்கள் புறப்படுகிறீர்கள். மக்களே, இவற்றை மனதில் வைத்துக்கொண்டு போங்கள்.

1. ஊருக்குள் நுழைந்ததும் பங்குத்தந்தையையும் ஊர்க்கமிட்டியையும் பாருங்கள். மரியாதைக்காக மட்டும் சொல்லவில்லை. ஞானஸ்நானம், திருமணம், இறப்பு எல்லாவற்றுக்கும் பங்கு அலுவலகத்தில் பதிவேடு இருக்கும். எந்த வீட்டில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதை அதோடு ஒத்துப் பார்க்காமல் எழுதாதீர்கள்.

2. தண்ணீர் எவ்வளவு தூரம் உள்ளே வந்தது, எவ்வளவு உயரம் ஏறியது என்பவை இரண்டு தனிக் கணக்குகள். வெளிச்சுவரில் அலை தெறித்த கறையும் சேர்ந்திருக்கும்; உள்ளறைச் சுவரில் தண்ணீர் தேங்கி நின்ற கோடுதான் நம்பத்தக்கது. உயரத்தை வீட்டுத் தரையிலிருந்து அளந்தால் பக்கத்து ஊரோடு ஒப்பிட முடியாது. கடல் மட்டத்தோடு பொருத்துங்கள், அந்த நேரத்து ஏற்றவற்றத்தையும் கழியுங்கள். இத்தனை வருஷத்துக்குப் பிறகு பல சுவர்கள் இருக்காது. கண்டவர்களைத் தனித்தனியாக அந்த இடத்துக்கே கூட்டிப்போய்க் கையால் காட்டச் சொல்லுங்கள்.

3. தண்ணீர் வந்த வழியோடு சனம் ஓடிய வழியையும் வரையுங்கள். எனக்கு இதுதான் முக்கியம். கொட்டில்பாட்டில் முன்னால் கடல், ஊருக்குப் பின்னால் ஏ.வி.எம். கால்வாய். அலைக்குத் தப்பி ஓடியவர்கள் அந்தக் கால்வாயில் சிக்கிச் செத்தார்கள். வரைபடத்தில் வெறும் நீலக்கோடாகத் தெரியும் கால்வாய் அன்றைக்கு ஊரின் வழியை அடைத்து நின்றது. மணக்குடியில் பழையாற்றுப் பொழிமுகம் வழியாகப் புகுந்த தண்ணீர், கீழ மணக்குடியையும் மேல மணக்குடியையும் இணைத்த பாலத்தின் கான்கிரீட் தளங்களைப் பெயர்த்து ஆற்றுக்குள் கொண்டுபோய்ப் போட்டது. ஆகவே ஒவ்வொரு ஊரிலும் கேளுங்கள்: இன்று அலை வந்தால் எந்த வழியாக ஓடுவீர்கள்? அந்த வழியில் கால்வாய் உண்டா, பாலம் உண்டா, புதுச் சுற்றுச்சுவர் எழும்பியிருக்கிறதா? நடந்து பார்த்து, கிழவி ஒருத்தி குழந்தையைத் தூக்கிக்கொண்டு போக எத்தனை நிமிஷம் ஆகும் என்று எழுதுங்கள்.

4. "இலங்கை மறைப்பாக இருந்தும் நமக்கு எப்படி?" என்று கேட்பார்கள். அலை தீவைச் சுற்றி வளைந்து வரும் என்பதை விளக்குங்கள். ஒரு ஊர் அழிந்து அடுத்த ஊர் தப்பியதற்குக் கரையின் வளைவும் மேடும் பாறையும் காரணமாக இருக்கலாம். அதை அளந்து சொல்லுங்கள்.

5. இழப்புப் பட்டியலில் வள்ளம், கட்டுமரம், எஞ்சின், வலை எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கும். சொந்த வள்ளம் இல்லாமல் பங்குக்குத் தொழிலுக்குப் போனவனுக்குக் கட்டம் இருக்காது. தலைச்சுமையாக மீன் விற்ற பெண்ணின் கைமுதலுக்கும் இருக்காது. வலை என்றால் ஒன்றல்ல, பருவத்துக்கொன்று வேண்டும். ஒன்றைக் கொடுத்துவிட்டு 'ஈடு செய்யப்பட்டது' என்று எழுதுவது பொய்க்கணக்கு. உள்ளே வந்தால் தென்னந்தோப்பு, கிணறு. கிணற்றுத் தண்ணீரில் உப்பு ஏறியிருக்கிறதா என்று கருவியால் சோதியுங்கள், வீட்டுக்காரியிடமும் கேளுங்கள்.

6. வீடு கட்டிக்கொடுத்ததோடு மீட்பு முடிந்துவிடாது. 2005 மார்ச்சில் வந்த அரசாணை, கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர்கள் பழைய மனையை விட்டுக்கொடுத்தால் தள்ளிப் புதுவீடு என்றது. கணவன், மனைவி இருவர் பெயரிலும் பட்டா என்றது நல்ல ஏற்பாடு. ஆனால் 300, 325 சதுர அடி வீட்டில் இன்று கல்யாணமான மகனோ மகளோ எங்கே தூங்குகிறார்கள்? யார் திரும்பக் கரைக்கே போய்விட்டார்கள்? ஏன்? எஞ்சினையும் வலையையும் இரவில் யார் காப்பது, கடலின் போக்கை எங்கிருந்து பார்ப்பது என்பதெல்லாம் தொழில் சார்ந்த காரணங்கள். பிடிவாதம் என்று எழுதிவிடாதீர்கள். பசிபிக்கில் சமோவாத் தீவில் 2009 செப்டம்பர் 29 அன்று அலை அடித்த பிறகு, கரையோர ஊர்க்காரர்கள் பலர் மேட்டுக்குக் குடியேறினார்கள். அங்கே குடும்பங்களுக்கு மேட்டில் பரம்பரை நிலம் இருந்தது. நம் கடற்கரைச் சனத்துக்கு அப்படி எதுவும் கிடையாது.

7. பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்காதீர்கள். முன்பு வந்தவர்கள் எழுதியதைப் படித்துவிட்டுப் போங்கள்.

8. அன்று சுமத்ராவில் நிலம் நடுங்கியது நம் நேரப்படி காலை ஆறரை மணிக்கு. அலை இங்கே வர மணிக்கணக்கில் நேரம் இருந்தும் சொல்ல ஆளில்லை. 2007 முதல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. என்றாலும் 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது, முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்த நம் மீனவர்களுக்குச் செய்தி எட்டவில்லை. மையத்திலிருந்து கடைசி வீடு வரை, கடைசிப் படகு வரை செய்தி யார் யார் வழியாகப் போகும் என்பதைப் பெயரோடு எழுதி வாங்குங்கள்.

9. அறிக்கையைத் தமிழில் எழுதி, ஞாயிறு பூசை முடிந்ததும் ஊர்க்கூட்டத்தில் வாசியுங்கள். அவர்கள் திருத்துவார்கள், சண்டையும் போடுவார்கள், இருந்து கேளுங்கள். அந்தத் திருத்தங்களைச் சேர்த்த பிறகே ஆட்சியர் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். ஒரு நகலைப் பங்கு அலுவலகத்தில் வைத்துவிட்டு வாருங்கள்; அடுத்து வருகிறவர்களுக்கு உதவும்.